இந்தப் பானைக்கு எந்த ஊர்?

மெக்ஸிகோ நகரத்து தேசிய மானுடவியல் மியூசியத்தில் கூட்டமெல்லாம் ஒரே ஒரு கல்லைச் சுற்றித்தான். அஸ்டெக் சூரியக் கல். 24 டன். அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளாவிட்டால் விசாவை ரத்து செய்துவிடுவார்கள் போல அப்படி ஒரு தள்ளுமுள்ளு. நானும் தள்ளி, தள்ளப்பட்டு, ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, மூச்சு வாங்க இன்னொரு ஹாலுக்குள் ஒதுங்கினேன். அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் ஆரஞ்சு நிறத்தில் மண் கிண்ணம் ஒன்று தனியாக உட்கார்ந்திருந்தது.

பாயசம் ஊற்றிக் குடிக்கலாம் போல இருந்தது. சுவர் மூன்று, நாலு மில்லிமீட்டர் கனம் இருந்தால் அதிகம். இந்தப் பிரதேசத்தில் ஸ்பெயின்காரன் வந்து இறங்குகிற வரைக்கும் குயவர் சக்கரம் என்ற ஒன்றே கிடையாது. அத்தனையும் கை வேலை. சக்கரம் இல்லாமல் இவ்வளவு மெல்லிசாக எப்படிச் செய்தான் என்று நான் குனிந்து பார்த்துக்கொண்டிருக்க, நண்பன் தோளைத் தட்டினான்.

"மாப்ளே, இதுல என்னடா இருக்கு? நம்ம வீட்டுப் பரண்ல இதைவிடப் பழைய பானை கிடக்கு. வா, சாப்பிடப் போலாம்."

நண்பன் என் காலேஜ் மேட். இரண்டு பேரும் பி.காம். ஒரே பெஞ்சில் படித்தோம். அவன் பிறகு கம்ப்யூட்டர் பக்கம் போய், இப்போது மெக்ஸிகோவில் க்வெரேதாரோ என்ற ஊரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறான். நான் பேனாப் பக்கம் வந்தேன். யார் டெபிட், யார் கிரெடிட் என்பதை வாசகர்கள் முடிவு செய்துகொள்ளலாம். "டிக்கெட் மட்டும் நீ போடு, மீதியை நான் பார்த்துக்கறேன்" என்று அவன் சொன்னதால்தான் இந்தப் பயணமே.

கிண்ணத்துக்கு வருகிறேன். ஆராய்ச்சிக்காரர்கள் இதற்கு வைத்திருக்கிற பெயர் 'மெல்லிய ஆரஞ்சு'. தலைநகரிலிருந்து 50 கிலோமீட்டரில் தியோதிவாகான் இருக்கிறதே, காலண்டரில் எல்லாம் வருகிற பெரிய பிரமிடுகள் உள்ள ஊர், அங்கே குப்பை குப்பையாக இந்தப் பாண்டம் கிடைத்திருக்கிறது. அதோடு போகவில்லை. அங்கிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, ஹோண்டுராஸ் நாட்டில் கோபான் என்ற மாயா நகரத்துக் கல்லறையிலும் கிடைத்திருக்கிறது. சரி, லட்சம் பேர் வாழ்ந்த மகாநகரம் தயாரித்து ஏற்றுமதி செய்த சரக்கு என்றுதான் யாருக்கும் தோன்றும்.

மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தவர்களுக்கு மட்டும் இடித்தது. தியோதிவாகான் எரிமலைப் பூமி. கிண்ணத்தின் மண்ணிலோ அபிரகம் மினுக்குகிற வேறு ஜாதிப் பாறைத் துகள். அந்தப் பாறை அந்தப் பள்ளத்தாக்கிலேயே கிடையாது. 1970-களில் அமெரிக்காவில் புரூக்ஹேவன் அணு ஆய்வுக்கூடத்தில் வைத்து ரசாயனக் கணக்கு எடுத்தார்கள். கடைசியில் எவலின் ராட்ரே என்ற பெண்மணி பட்டறைகள் இருந்த இடத்தையே காட்டி 1990-ல் எழுதினார். ஊர், தெற்குப் புவெப்ளாவில் இக்ஸ்காகிஸ்த்லா பக்கம். தியோதிவாகானிலிருந்து 150 கிலோமீட்டருக்கு மேல்.

அதாவது பிராண்ட் ஒரு ஊர், ஃபேக்டரி வேறு ஊர். சட்டைக் காலரில் பெரிய நகரத்தின் பெயர் இருக்கும், தைத்தது எங்கேயோ ஒரு சந்தில் இருக்கும். அந்த வியாபாரம் 1,500 வருஷத்துக்கு முன்பே நடந்திருக்கிறது. பி.காம். படித்தவனுக்கு இதைக் கேட்டபிறகு பசி எப்படி எடுக்கும்? நண்பனுக்கு எடுத்தது.

*

ஒரு ஓட்டுச் சில்லிடம் "உனக்கு எந்த ஊர்ப்பா?" என்று கேட்டால் எப்படிப் பதில் சொல்லும்?

மண்ணைத்தான் கேட்க வேண்டும். களிமண் என்றால் பெரும்பாலும் சிலிகா, அலுமினியம், இரும்பு என்று எல்லா ஊரிலும் ஒரே கதை. வித்தியாசம் பொடி சமாச்சாரத்தில் இருக்கிறது. எல்லோர் வீட்டு சாம்பாரிலும் பருப்பும் புளியும்தான். ஆனால் ஒரு ஸ்பூன் வாயில் வைத்ததும் இது மாமியார் வீட்டு சாம்பாரா, மெஸ் சாம்பாரா என்று நாக்கு சொல்லிவிடுகிறது. எதை வைத்து? ஒரு சிட்டிகை வெந்தயத்தை வைத்து. களிமண்ணில் அந்த வெந்தயம் ஸ்கேண்டியம், சீஸியம், ஹாஃப்னியம், தோரியம், லாந்தனம் மாதிரியான தனிமங்கள். பத்து லட்சத்தில் சில பங்கு என்ற அளவில் ஒளிந்திருக்கும். எந்த மலை கரைந்து எந்த ஆற்றில் வந்து படிந்த மண்ணோ, அதற்கேற்ப இந்த விகிதம் மாறும்.

இதை அளக்க வழி சொன்ன கூட்டத்தைக் கூட்டியவர் ஓப்பன்ஹைமர். ஆமாம், அதே ஓப்பன்ஹைமர்தான், 2023-ல் சினிமாவாக வந்தாரே, அணுகுண்டுக்காரர். 1956-ல் பிரின்ஸ்டனில் தொல்பொருள்காரர்களையும் ரசாயனக்காரர்களையும் ஒரே அறையில் உட்கார வைத்து, அணு விஞ்ஞானத்தால் உங்களுக்கு ஏதாவது பிரயோஜனம் உண்டா பாருங்கள் என்றார். அடுத்த வருஷமே சேயர், டாட்ஸன் என்ற இரண்டு பேர் மத்தியதரைக் கடல் பக்கத்துப் பானை ஓடுகளை நியூட்ரானால் அடித்துப் பார்த்துக் கட்டுரை போட்டுவிட்டார்கள்.

மெக்ஸிகோ ஓடுகளுக்கு இந்த விஷயத்தில் புகுந்த வீடு அமெரிக்காவின் மிஸூரி பல்கலைக்கழக அணு உலை. அங்கே நடப்பது இதுதான். ஓட்டின் மேல் பூச்சைச் சுரண்டி எறிந்துவிட்டு, ஒரு சின்னத் துண்டைப் பொடி செய்கிறார்கள். 150 மில்லிகிராம் ஒரு குப்பியில், 200 மில்லிகிராம் இன்னொன்றில். மூக்குப்பொடி போடுகிறவர் ஒரு தடவைக்கு எடுக்கிற அளவு. முதல் குப்பி உலைக்குள் 5 செகண்டுக்குப் போய்விட்டு வருகிறது. இரண்டாவது 24 மணி நேரம் உள்ளேயே குடியிருக்கிறது. நியூட்ரான் அடி வாங்கிய அணுக்கள் வெளியே வந்ததும் காமா கதிராகப் புலம்ப ஆரம்பிக்கும். ஒவ்வொரு தனிமத்துக்கும் புலம்பல் ஸ்வரம் வேறு. சிலது அரைமணிக்குள் அடங்கிவிடும், சிலது மாதக்கணக்கில் இழுக்கும். அதனால் உடனே ஒரு தரம், ஒரு வாரம் கழித்து ஒரு தரம், மூன்று நாலு வாரம் கழித்து ஒரு தரம் என்று கேட்கிறார்கள். முடிவில் ஒரு ஓட்டுக்கு 33 தனிமங்களின் கணக்கு கையில் வந்துவிடுகிறது.

33 காலம், நூற்றுக்கணக்கில் வரிசை. எந்த ஓடு எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று எப்படிப் பிரிப்பது? இங்கேதான் எனக்கு ஓர் ஆனந்த அதிர்ச்சி. அதற்கு அவர்கள் பயன்படுத்துகிற அளவுகோலின் பெயர் மஹலனோபிஸ் தூரம். பி.காம். இந்தியப் பொருளாதாரம் பேப்பரில் இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம் என்று பத்து மார்க் கேள்விக்கு உருப்போட்டோமே, அதே பி.சி. மஹலனோபிஸ்தான். கல்கத்தாக்காரர். மனிதர்களின் தலை நீளம், மூக்கு அகலம் எல்லாம் அளந்து, எந்தக் கூட்டம் எந்தக் கூட்டத்துக்கு எவ்வளவு கிட்டே என்று சொல்ல அவர் 1936-ல் எழுதிய சூத்திரம், மெக்ஸிகோப் பானைக்கு இன்றைக்கு ஜாதகம் பார்க்கிறது. நண்பனிடம் சொன்னேன். "அந்தக் கேள்வியை நான் சாய்ஸ்ல விட்டேன்டா" என்றான்.

*

தலைநகரிலிருந்து கிழக்கே ஐந்து மணி நேர பஸ்ஸில் ஹலாபா. எழுதும்போது எக்ஸ் போடுகிறார்கள், படிக்கும்போது ஹ என்கிறார்கள். நாட்டின் பெயரையே மெஹிக்கோ என்றுதான் சொல்கிறார்கள். பஸ்ஸில் கொடுத்த சாண்ட்விச்சில் ஒரு பச்சை மிளகாய் ஊறுகாய் இருந்தது. ஹலபேன்யோ. ஹலாபாவிலிருந்து வந்ததால் அந்தப் பெயராம். நம் ஊர் மிளகாய்க்கே தாத்தா ஊர் இந்த நாடுதான். மிளகாய், தக்காளி, மக்காச்சோளம் எல்லாம் இங்கிருந்து புறப்பட்டு ஸ்பெயின், போர்ச்சுகல் கப்பல்கள் தயவில் நம் அடுப்படிக்கு வந்தவை. ஆகவே காரம் பற்றிப் பெருமை பேச இங்கே நமக்கு யோக்கியதை கொஞ்சம் குறைவு.

ஹலாபா மியூசியத்தில் நுழைந்ததும் ஒரு தலை. உடம்பு இல்லை. 2.84 மீட்டர் உயரம், 25 டன். ஹெல்மெட் போட்ட மாதிரி தலைக்கவசம், தடித்த உதடு, 'என்ன லேட்டு?' என்று கேட்கிற மானேஜர் முகம். ஓல்மெக் ஜனங்கள் எரிமலைக் கல்லில் செதுக்கியது. தெற்கு வெராக்ரூஸில் சான் லொரென்ஸோ என்ற இடத்தில் இந்த மாதிரி பத்துத் தலைகள் கிடைத்தன. ஏழு இங்கே இருக்கின்றன. கல் வந்தது 60 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருக்கிற தூஷ்ட்லா மலையிலிருந்து. வண்டி கிடையாது, மாடு கிடையாது, குதிரை கிடையாது. மனுஷன் இழுத்திருக்கிறான். இழுக்கச் சொல்ல ஒருத்தன் இருந்திருக்கிறான். அந்த ஒருத்தன் முகம்தான் எதிரே.

சான் லொரென்ஸோ கி.மு. 1400-லிருந்து 1000 வரை கொடிகட்டிப் பறந்த ஊர். மெஸோஅமெரிக்கா முழுக்க, அதாவது மத்திய மெக்ஸிகோவிலிருந்து ஹோண்டுராஸ் வரைக்கும், இதற்கு ஈடாக அந்தக் காலத்தில் இன்னொரு ஊர் இல்லை. அதனால் 1942-ல் துஸ்த்லா குத்தியெர்ரெஸில் நடந்த ஒரு மாநாட்டில் அல்ஃபான்ஸோ காஸோ என்ற மெக்ஸிகோ மேதை, ஓல்மெக்தான் 'தாய்ப் பண்பாடு' என்று அடித்துச் சொன்னார். மாயா, ஸபொடெக், அஸ்டெக் எல்லாம் பிள்ளைகள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தாய் என்று சொன்னால் மற்றவர்கள் எல்லாம் பால்குடி என்றாகிறது. அது எல்லோருக்கும் ருசிக்குமா?

இங்கேதான் பானை நுழைகிறது. அந்தக் காலகட்டத்தில் ஒருவருக்கொருவர் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருந்த ஊர்களில் எல்லாம் ஒரே மாதிரிச் சித்திரம் செதுக்கிய பானைகள் கிடைக்கின்றன. நடுமண்டை பிளந்த முகம், தீச்சுடர் மாதிரிப் புருவம், வாயைப் பிளந்த ஏதோ ஒரு தெய்வ மிருகம். இதை ஓல்மெக் பாணி என்கிறார்கள். கேள்வி என்னவென்றால், எல்லா ஊரும் சேர்ந்து வளர்த்த பாணியா, ஒரே ஊர் கண்டுபிடித்து மற்றவர்களுக்கு அனுப்பியதா?

2005 பிப்ரவரியில் 'சயன்ஸ்' பத்திரிகையில் ஜெஃப்ரி பிளாம்ஸ்டர், ஹெக்டர் நெஃப், மைக்கேல் கிளாஸ்காக் மூவரும் ஒரு குண்டு போட்டார்கள். 725 ஓடுகளை மிஸூரி உலையில் சோதித்ததில், சான் லொரென்ஸோ மண்ணில் செய்த பானைகள் பசிபிக் கரையிலிருந்து மெக்ஸிகோ பள்ளத்தாக்கு வரை போயிருக்கின்றன. மற்ற ஊர்க்காரர்கள் அதைப் பார்த்துத் தங்கள் மண்ணில் டூப்ளிகேட் செய்திருக்கிறார்கள். ஆனால் அந்த ஊர்களின் பானை ஒன்றுகூட சான் லொரென்ஸோவுக்கு வரவில்லை. அந்த ஊர்கள் தங்களுக்குள்ளும் இந்தப் பாணிப் பானைகளை மாற்றிக்கொள்ளவில்லை. எல்லாம் ஒன்-வே டிராஃபிக். ஆக, ஓல்மெக்தான் முந்தி.

பத்திரிகையில் வந்தால் சரி என்று விட்டுவிடலாம். ஆனால் காமர்ஸ் படித்த புத்தி இருக்கிறதே, அது இந்த இடத்தில் சண்டித்தனம் பண்ணியது. ஏற்றுமதி உண்டு, இறக்குமதி நில். நானூறு வருஷத்துக்கு. இப்படி ஒரு லெட்ஜரை எந்த ஆடிட்டரிடம் காட்டினாலும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "தம்பி, இன்னொரு நோட்டு எங்கே?" என்று கேட்பார்.

அந்த இன்னொரு நோட்டு வஹாகாவில் இருந்தது.

*

வஹாகாவுக்கு ராத்திரி பஸ். தெற்கே மலைநாடு. இது ஸபொடெக் ஜனங்களின் ஊர். அந்தப் பெயர் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? சப்போட்டாப் பழம்! அஸ்டெக்காரர்கள் பாஷையில் த்ஸாபோட்ல் என்றால் அந்த ஜாதிப் பழம். ஸபொடெக் என்றால் அந்தப் பழம் விளைகிற சீமைக்காரன். பழமுதிர் நிலையத்தில் கிலோ என்ன விலை என்று கேட்கிறபோதெல்லாம் நாம் அஸ்டெக் பாஷைதான் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம்.

காலையில் ஷேர் டாக்சி பிடித்து எட்லா பக்கம் போனோம். டிரைவர் பக்கத்தில் இரண்டு பேர், பின்னால் மூன்று பேர், மடியில் ஒரு கூடை பாலாடைக்கட்டி. நம் ஷேர் ஆட்டோவில் ஏறின மனுஷனுக்கு இது ஜமீன் சவாரி. வழியில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் சான் ஹோசே மொகோத்தே. மொகோத்தே என்றால் மேடு. ஊரில் சோளக்கொல்லை, ஒரு கோயில், புல் முளைத்த மேடுகள். அவ்வளவுதான். ஆனால் மலை உச்சியில் மோன்தே அல்பான் என்ற பெரிய நகரம் தோன்றுவதற்குப் பல நூறு வருஷம் முன்பே வஹாகா பள்ளத்தாக்கின் பெரிய ஊர் இதுதான். கென்ட் ஃப்ளானரி, ஜாய்ஸ் மார்கஸ் என்ற மிச்சிகன் பல்கலைக்கழகத் தம்பதி இங்கே வருஷக்கணக்கில் தோண்டியிருக்கிறார்கள்.

பழைய பண்ணை வீடு ஒன்றில் ஊர்க்காரர்களே நடத்துகிற மியூசியம். சாவி வைத்திருந்த பெரியவர் வந்து திறந்துவிட்டார். உள்ளே அவர்கள் பெருமையாகக் காட்டுவது சிவப்பாக ஒரு தூபச்சட்டி. கண்ணை உருட்டி, பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிற முகம். ஊர்க்காரர்கள் வைத்த பெயர் 'தியாப்லோ என்சிலாதோ'. மிளகாய் தின்ற பிசாசு. நான் அன்று காலை சாப்பிட்ட சட்னிக்குப் பிறகு என் முகமும் அப்படித்தான் இருந்ததாக நண்பன் சாட்சி சொல்கிறான்.

சித்திரம் செதுக்கிய சில்லுகளும் இருந்தன. பெரியவர் ஒன்றைக் காட்டி வானத்தைக் காட்டினார். "மின்னலாம்" என்றான் நண்பன். ஃப்ளானரியும் மார்கஸும் எழுதியதும் ஏறக்குறைய இதுதான். சில பானைகளில் இருப்பது வானம், மின்னல். சிலதில் இருப்பது பூமி, பூகம்பம். ஸபொடெக் ஜனங்கள் பிற்காலம் வரை கும்பிட்ட சக்திகள் இவை. இதை யாரோ கடற்கரைக்காரன் வந்து சொல்லிக்கொடுத்துத்தான் மலைக்காரனுக்குத் தெரியவேண்டுமா என்பது அவர்கள் கேள்வி. தாய் இல்லை, அக்கா தங்கை என்று 2000-லேயே எழுதிவிட்டார்கள். 'தாய்ப் பண்பாடு என்ற கட்டுக்கதை' என்று தலைப்பிலேயே சண்டை.

'சயன்ஸ்' கட்டுரை வந்த ஆறே மாதத்தில், 2005 ஆகஸ்டில், எதிர்க்கட்சி பதில் கொடுத்தது. ஜேம்ஸ் ஸ்டோல்ட்மன் என்பவர் மார்கஸ், ஃப்ளானரி முதலானவர்களோடு சேர்ந்து ஓடுகளைக் கண்ணாடித் தாள் போல மெல்லிசாகச் சீவி மைக்ராஸ்கோப்பில் வைத்தார். ஐந்து ஊர்களிலிருந்து 20 துண்டு. பொடி பண்ணி உலையில் போடவில்லை. மண்ணுக்குள் கிடக்கிற மணல் பரல் என்ன பாறை என்று கண்ணால் பார்த்தார். அவர் தீர்ப்பு: சான் லொரென்ஸோவில் தோண்டி எடுத்த ஓடுகளில் வஹாகா மண்ணும் இருக்கிறது. டிராஃபிக் டூ-வே.

இரண்டு பேருமே விஞ்ஞானிகள், இரண்டு பேரிடமும் மெஷின் இருக்கிறது. எப்படி இரண்டு பதில்?

டிரையல் பேலன்ஸை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் டாலி ஆகிவிட்டால் கணக்கு சரி என்று அர்த்தமில்லை என்று முதல் வருஷத்திலேயே வாத்தியார் சொல்லிக்கொடுத்தார். ஒரு தப்பை இன்னொரு தப்பு ஈடுகட்டி, மொத்தம் அழகாக டாலி ஆகும். உலை தருவது மொத்தம். குயவன் களிமண்ணை அப்படியே எடுத்துப் பானை பண்ணுவதில்லை. வெடிக்காமல் இருக்க மணல் சேர்ப்பான், இரண்டு மண்ணைக் கலப்பான். பொடியாக்கினால் களியும் மணலும் ஒன்றாகிவிடும். மைக்ராஸ்கோப் தருவது வவுச்சர். ஒவ்வொரு பரலையும் தனித்தனியாகக் காட்டும். ஆனால் வவுச்சர் பார்க்கிறவர் 20 வவுச்சர்தான் பார்த்தார். மற்றவர்கள் 725.

இதில் என் அபிப்பிராயம் கேட்டால், 20 என்பதைச் சின்ன எண் என்று தள்ள முடியாது. 'நூற்றுக்கு எத்தனை பானை வந்தது' என்பதற்கு 20 போதாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'ஒன்றுகூட வரவில்லை' என்கிற வாக்கியத்தைக் கவிழ்க்க ஒரே ஒரு ஓடு போதும், அதைச் சரியாக அடையாளம் கண்டிருந்தால். அந்த 'இருந்தால்' மேல்தான் அடுத்த ரவுண்ட். நெஃப் கோஷ்டி 2006-ல் இரண்டு கட்டுரை எழுதியது. எங்கள் கூட்டங்கள் கெட்டியாக நிற்கின்றன, உங்கள் மைக்ராஸ்கோப் ஊரைச் சரியாகப் பிரிக்கவில்லை என்றார்கள். அதில் ஒரு கட்டுரையின் தலைப்பு, தமிழில் சொன்னால், 'புகைத்திரைகள்'. விஞ்ஞானப் பத்திரிகை என்றால் சாத்விகமாக இருக்கும் என்று நினைப்பவர்கள் கவனிக்கவும்.

எனக்கு இடிக்கிற விஷயம் வேறு. பானையை விடுங்கள். சான் லொரென்ஸோவில் கத்திக்காக உபயோகித்த அப்ஸிடியன் என்ற எரிமலைக் கண்ணாடி குவாத்தமாலாவிலிருந்தும் புவெப்ளாவிலிருந்தும் வந்தது. அதுவும் ரசாயன சோதனையில் தெரிந்ததுதான். சான் ஹோசே மொகோத்தேயில் காந்தக் கல்லைத் தேய்த்துத் தேய்த்துக் குட்டிக் கண்ணாடிகள் செய்தார்கள். அந்த மியூசியத்திலிருந்து வெளியே வந்து நின்றால் தெரிகிற அதே வயல்வெளியில் செய்த கண்ணாடிகள், சான் லொரென்ஸோவில் கிடைத்திருக்கின்றன. ஆக, கத்தி வாங்கினார்கள், முகம் பார்க்கும் கண்ணாடி வாங்கினார்கள். பானை மட்டும் கெட்டுப்போய்விட்டதா? வாங்கியிருக்க மாட்டார்கள் என்று சொல்ல முடியாது. வெளியூர்ப் பானை வேண்டாம் என்கிற கௌரவமும் ஒரு ராஜாவுக்கு இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் கௌரவத்தைத் தோரியமும் ஹாஃப்னியமும் அளந்து சொல்லாது. மண் எந்த ஊர் என்று சொல்லும். பானையோடு கூட பக்தி போனதா, கப்பம் போனதா, கல்யாணச் சீர் போனதா என்பது அந்த 33 காலத்தில் எதிலும் இல்லை.

பெரியவரிடம் நண்பன் மூலம் கேட்டேன். ஓல்மெக்காரர்கள் உங்களுக்குத் தாய் என்கிறார்களே?

அவர் பூட்டைப் பூட்டிக்கொண்டே ஏதோ சொன்னார். நண்பன் சிரித்துவிட்டு மொழிபெயர்த்தான். "அவங்க தலை மட்டும்தானே கிடைச்சிருக்கு, தாயா தகப்பனான்னு எப்படித் தெரியும்ங்கறார்."

*

திரும்புகிற வழியில் அட்ஸோம்பா. வஹாகா நகரத்துக்குப் பக்கத்திலேயே குயவர் கிராமம். பச்சை மெருகு பூசிய சட்டி பானைக்குப் பெயர் போன ஊர். மேலே குன்றில் பழைய ஸபொடெக் நகரம் ஒன்று தோண்டப்பட்டு 2012-லிருந்து ஜனங்கள் பார்க்கத் திறந்திருக்கிறது. அங்கே பழைய காலத்துச் சூளை ஒன்றும் கிடைத்திருக்கிறது. கீழே கிராமத்தில் இன்றைக்கும் புகைகிற சூளைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஒரு வீட்டு வாசலில் ஐம்பது வயது அம்மா ஒருத்தர் மண் பிசைந்துகொண்டிருந்தார். சப்பாத்திக்குப் பிசைகிற மாதிரியே கை போகிறது. பக்கத்தில் இரண்டு குவியல். ஒன்று நெறுநெறு மண், ஒன்று வழவழ மண். இரண்டையும் கலந்தால்தான் பானை நிற்குமாம். என்ன கணக்கில் கலப்பீர்கள் என்று கேட்டதற்கு, உள்ளங்கையை விரித்து ஒரு அள்ளு, இன்னொரு அள்ளு என்று காட்டி, அப்புறம் உதட்டைப் பிதுக்கினார். அதாவது பதம். எங்கள் பாட்டியிடம் அதிரசத்துக்கு வெல்லம் எவ்வளவு என்று கேட்டால் கிடைக்கிற அதே பதில்.

நியூட்ரான் உலைக்கும் மைக்ராஸ்கோப்புக்கும் நடந்த சண்டை முழுக்க அந்த இரண்டு அள்ளுக்குள் இருந்தது. மண் எவ்வளவு தூரத்திலிருந்து வரும் என்பதிலும் ஒரு சமாச்சாரம் உண்டு. டீன் ஆர்னால்ட் என்பவர் உலகம் முழுக்கக் குயவர்களைப் பற்றிச் சேகரித்து 1985-ல் ஒரு புத்தகம் எழுதினார். குயவர்களில் மூன்றில் ஒரு பங்கு பேர் களிமண்ணுக்கு ஒரு கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை. ஏழு கிலோமீட்டருக்கு மேல் போகிறவர்கள் குறைவு. மண் கனம், முதுகு ஒன்றுதான். இந்தச் சோம்பல்தான் இந்த ஆராய்ச்சிக்கே அஸ்திவாரம். பானை ஆயிரம் கிலோமீட்டர் போகும், மண் போகாது. குயவன் மட்டும் மண்ணுக்காக ஊர் ஊராக அலைகிறவனாக இருந்திருந்தால், மிஸூரிக்காரர்கள் உலையை மூடிவிட்டு வேறு வேலை பார்த்திருக்க வேண்டியதுதான்.

அந்த அம்மாவிடம் ஒரு சின்னச் சட்டி வாங்கினேன். வாசலில் உடைந்து கிடந்த சில்லுகளில் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டபோது அவர் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க முடியாது. காசு கொடுத்து சட்டி வாங்கிவிட்டு, குப்பையையும் பொறுக்கிக்கொண்டு போகிறானே என்று இருந்திருக்கும்.

மறுநாள் தலைநகருக்குத் திரும்புகிற பஸ் மலைமேல் நோச்சிஸ்ட்லான் வழியாகத்தான் போகிறது. நண்பன் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். நான் ஜன்னல் பக்கம். அங்கேதான் எங்கேயோ உள்ளே தள்ளி எட்லாடோங்கோ இருக்கிறது. 2005-ல் ஓல்மெக்தான் முந்தி என்று எழுதிய பிளாம்ஸ்டர் வருஷக்கணக்காகத் தோண்டிக்கொண்டிருந்தது கடற்கரையில் அல்ல, இந்த மலை கிராமத்தில். தன் கையால் எடுத்த ஓடுகளில் பலதை உள்ளூர் டூப்ளிகேட், சிலதை சான் லொரென்ஸோ ஒரிஜினல் என்று பிரித்தவர் அவர். அதே கிராமத்தில் அவரும் சலஸார் சாவெஸ் என்ற சக ஆராய்ச்சியாளரும் ஒரு பந்தாட்டக் களத்தைத் தோண்டி எடுத்து, 2020-ல் விவரம் வெளியிட்டார்கள். கி.மு. 1374. ரப்பர் பந்தை இடுப்பால் அடித்து ஆடுகிற ஆட்டம். மாயாக்களும் அஸ்டெக்குகளும் பிற்காலத்தில் உயிரைக் கொடுத்து ஆடியது. மலைநாட்டில் இவ்வளவு பழைய களம் அதுவரை கிடைத்ததில்லை. அந்த ஆட்டம் வளர்ந்ததில் மலைக்காரர்களுக்கும் பங்கு உண்டு என்று அந்தக் கட்டுரையில் எழுதியவரும் பிளாம்ஸ்டர்தான்.

நண்பனை எழுப்பி விஷயத்தைச் சொன்னேன். ஒரு கண்ணை மட்டும் திறந்து, "அப்ப தாயா, அக்காவா? ஒண்ணு சொல்லு" என்றான். பந்து இன்னும் மைதானத்துக்குள்தான் இருக்கிறது என்றேன். பஸ் நோச்சிஸ்ட்லானில் நிற்கவில்லை.